பனிமலையும் உப்பு அம்பாரமும்

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (இயற்பியல்)

வெண்பனியை நான் கண்ணால் கண்டதில்லை. இவ்விதழைப் புரட்டும் நண்பர்களில் பெரும்பாலோரும் கண்டிருக்கமாட்டீர்கள். நமக்குப் ‘பனி’ என்றால் மார்கழி விடியலில் புல் நுனியில் நிற்கும் நீர்த்துளி. தலையில் துண்டு கட்டாமல் வெளியே போனால் “பனி பிடிக்கும் மக்களே” என்று பாட்டி கண்டிப்பாரே, அந்தப் பனி. வானத்திலிருந்து பஞ்சு போல் இறங்கி, ஆளுயரம் குவிந்து, ஒருநாள் மலையை விட்டுக் கிளம்பி வந்து மனிதரைப் புதைத்துவிடும் பொருளுக்கும் நாம் அதே பெயரைத்தான் சூட்டியிருக்கிறோம். குழப்பம் வேண்டாம் என்பதற்காக இக்கட்டுரையில் அதனைப் பெரும்பாலும் வெண்பனி என்றே வழங்குகிறேன்.

காணாத ஒன்றைப் பற்றி எழுதும் துணிவு இவனுக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம். எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். அப்பா உப்பளத் தொழிலாளி. விடுமுறை நாட்களில் நானும் அவருடன் உப்பு வாரியிருக்கிறேன். சென்ற ஆண்டு நூலகத்தில் பனிச்சரிவு பற்றிய நூல் ஒன்றைப் புரட்டியபோது அதிலிருந்த படங்கள் எனக்குப் புதியனவாகத் தோன்றவில்லை. வெள்ளைப் படிகங்கள், குவியல், சரிவு, மேலே இறுகிய ஏடு, அடியில் ஒட்டாத உதிரி. எல்லாம் எங்கள் ஊர் உப்பு அம்பாரத்தில் நான் பார்த்தவையே! இது ஒரு காரணம். எங்கள் மாவட்டத்தில் வாழ்ந்த மருத்துவர் ஒருவர் இரண்டாவது காரணம். மூன்றாவது காரணம் என் வகுப்புத் தோழன். அவனைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

நெய்யூர் டாக்டர்

குமரி மாவட்டம் நெய்யூரில் ஒரு பழைய மிஷன் மருத்துவமனை உண்டு. என் பாட்டியின் தாயாருக்குத் தீராத வயிற்றுப்புண். அங்கிருந்த ‘சாமர்வெல் டாக்டர்’ அறுவை செய்து பிழைக்க வைத்தார் என்பது எங்கள் வீட்டில் பலமுறை சொல்லப்பட்ட கதை. அந்த டாக்டர் யார், எவர் என்று எங்களில் யாரும் ஆராய்ந்ததில்லை. வெள்ளைக்காரர், கைராசிக்காரர், அவ்வளவே. தியோடர் ஹோவர்ட் சாமர்வெல் என்ற அந்த மனிதர் 1922, 1924 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் எவரெஸ்ட் ஏறச் சென்ற ஆங்கிலேயக் குழுவில் இருந்தவர் என்று படித்தபோது நான் அடைந்த வியப்பைச் சொல்லி முடியாது.

1922 மே மாதம் மாலரி, நார்ட்டன், சாமர்வெல் ஆகிய மூவரும் பிராணவாயுக் குப்பியின் துணையின்றி ஏறத்தாழ 27,000 அடி உயரத்தை எட்டினர். அதுவரை மனிதன் கால் வைத்திராத உயரம் அது. சில நாட்களில் மற்றோர் அணி பிராணவாயுவின் துணையுடன் அதனையும் தாண்டியது. அத்துடன் திரும்பியிருக்கலாம். பருவமழை தொடங்கும் நேரம். ஆயினும் இன்னும் ஒரு முறை முயன்று பார்ப்பது என்று முடிவாயிற்று.

ஜூன் முதல் வாரத்தில் பெரும்பனி பெய்தது. பிறகு வானம் வெளுத்து வெயில் அடித்தது. ஓரிரு நாள் வெயில் பட்டால் புதுப்பனி அமுங்கி இறுகிவிடும் என்பது ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலையில் பழகியவர்களின் கணக்கு. ஜூன் 7 காலையில் மாலரி, சாமர்வெல், கிராஃபோர்டு ஆகிய மூவரும், சுமை தூக்கும் 14 பேரும், நான்கு கயிறுகளில் தம்மைப் பிணைத்துக்கொண்டு 23,000 அடி உயரத்திலுள்ள ‘வடக்குக் கணவாய்’ நோக்கி ஏறினர். அவர்கள் முரட்டுத் துணிச்சல்காரர்கள் அல்லர். ஏற்றத்தின் அடிப்பகுதியில் செங்குத்தான ஓரிடத்தில் வெண்பனியை வேண்டுமென்றே மிதித்துச் சோதித்தார்கள். அது அசையவில்லை. சரி, இது தாங்கும் என்று நம்பி மேலே சென்றார்கள்.

பகல் ஒன்றரை மணி. கணவாய்க்கு இன்னும் 600 அடி இருந்தது. வெடிமருந்து வெடித்தாற்போல ஓர் ஓசை. அடுத்த கணம் அவர்கள் நின்ற சரிவே நகர்ந்தது. முதல் கயிற்றில் இருந்தவர்கள் சிறிது தூரம் இழுக்கப்பட்டு, பனிக்கு மேலே தலையெடுத்துவிட்டனர். கீழே வந்துகொண்டிருந்த 13 பேரில் நால்வர் தப்பினர். மற்ற ஒன்பது பேரைப் பனி ஒரு பனிக்கட்டிச் சுவரின் விளிம்பிலிருந்து கீழேயுள்ள பிளவுக்குள் தள்ளி, மேலே தானும் வந்து விழுந்து மூடியது. ஓடிச் சென்று கையாலும் கோடரியாலும் தோண்டினர். இருவர் உயிருடன் கிடைத்தனர். எழுவர் மாண்டனர்.

மாண்ட எழுவரும் சுமை தூக்க வந்த மலைநாட்டார். திட்டம் வகுத்தவர்களில் ஒருவருக்கும் கீறல்கூட இல்லை. இது சாமர்வெல்லின் நெஞ்சை வாழ்நாள் முழுதும் அறுத்தது. எங்களில் ஒருவனேனும் அவர்களோடு போயிருக்கலாகாதா என்ற பொருளில் அவர் பின்னாளில் எழுதியிருக்கிறார். அந்தப் பயணம் முடிந்து இந்தியாவைச் சுற்றிப் பார்க்கையில்தான் அவர் நெய்யூருக்கு வந்தார். கூட்டம் கூட்டமாக நோயாளிகள் காத்திருக்க, அறுவை செய்ய ஒரே மருத்துவர் அங்கே திணறுவதைக் கண்டார். லண்டனில் காத்திருந்த பெரிய வாழ்வை விட்டுவிட்டு அங்கேயே பணியாற்ற வந்துவிட்டார். பல ஆண்டுகளுக்குப் பின் எங்கள் பாட்டியம்மா அவர் முன் படுத்தது அதனால்தான்.

என் மனத்தை அரித்த கேள்வி வேறு. அவர்கள் மிதித்துப் பார்த்தார்கள் அல்லவா? மிதித்தபோது அசையாத பனி, மேலே போனதும் ஏன் பெயர்ந்தது?

உதிரியும் பாளமும்

முதலாண்டில் சாய்தளச் சோதனை செய்திருக்கிறோம். பலகையில் கட்டை ஒன்றை வைத்துச் சிறிது சிறிதாகச் சாய்க்கிறோம். ஒரு குறிப்பிட்ட கோணம் வரும்வரை உராய்வு கட்டையைப் பிடித்து நிறுத்துகிறது; அதைத் தாண்டினால் கட்டை வழுக்குகிறது. உப்பு அம்பாரமும் அப்படியே. உலர்ந்த உப்பைக் கொட்டக் கொட்டக் குவியல் உயருமே தவிர அதன் சாய்வு மாறுவதில்லை. அளவுக்கு மேல் கொட்டினால் உச்சியிலிருந்து சிறு ஓடைபோல் சரிந்து கீழே விரிந்து நிற்கும். வெண்பனியிலும் இவ்வகைச் சரிவு உண்டு. ஒரு புள்ளியில் தொடங்கி விசிறிபோல் விரியும். இதனை உதிரிச் சரிவு எனலாம். இதிலும் ஆள் சாவதுண்டு. ஆனால் இது முதன்மைக் கொலைகாரன் அன்று.

மழைத்தூறலோ கடும்பனியோ விழுந்த பிறகு உப்பு அம்பாரத்தைப் பார்த்திருக்கிறீர்களா? மேற்பரப்பு ஈரம்பட்டுப் பிறகு காய்ந்து ஓர் ஓடாக இறுகிவிடும். அடியில் உள்ளது பழைய உதிரி உப்பு. அப்பா எப்போதும் சொல்வார்: “அடியில கொத்தாத மக்களே, மேல நின்னு இறக்கு.” அடியில் கொத்தினால் உள்ளிருக்கும் உதிரி வழிந்துவிடும், மேலோடு மட்டும் கூரைபோல் நிற்கும். நிற்கும், நிற்கும், பிறகு ஒரே பலகையாகப் பெயரும். பத்தாம் வகுப்பு விடுமுறையில் அப்படி ஓர் ஓடு பெயர்ந்து என்னை முழங்கால் வரை மூடியது. உப்பு காலை அறுத்தது, வேறொன்றும் இல்லை. ஆனால் காலை இழுக்க முடியவில்லை என்பதை மறக்கவில்லை. இரண்டு பேர் வந்து மண்வெட்டியால் விலக்கித்தான் எடுத்தார்கள்.

மலையில் மனிதரைக் கொல்வது பெரும்பாலும் இந்த வகைதான். இதனைப் பாளச் சரிவு என்போம். மேலே ஒன்றோடொன்று பிணைந்து இறுகிய ஒரு பாளம். அதன் கீழே வலுவற்ற ஒரு மெல்லிய அடுக்கு. அதற்கும் கீழே வழுக்கும் பரப்பு. மூன்றும் கூடிவிட்டால், சரிவு 30 முதல் 45 பாகைக்குள் இருந்தால், ஆபத்து ஆயத்தமாகிவிட்டது. அதைவிடச் சாய்வு குறைந்தால் உராய்வு பிடித்துக்கொள்கிறது. அதைவிட மிகச் செங்குத்தானால் பனி தங்கிச் சேர வழியின்றி அவ்வப்போது உதிர்ந்துவிடுகிறது. ஏறுவதற்கு வாட்டமாகவும் சறுக்கி விளையாட இன்பமாகவும் இருக்கும் சாய்வும் இதே 30-45 பாகைதான் என்பது இயற்கையின் விளையாட்டுப் போலும்!

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 50 மீட்டர் நீளம், 50 மீட்டர் அகலம், அரை மீட்டர் தடிப்புள்ள பாளத்தைக் கொள்வோம். மலைக்கு இது ஒரு சிறு துணுக்கு. காற்றடித்து ஓரளவு இறுகிய வெண்பனியின் எடையைக் கன மீட்டருக்கு 200 கிலோ என்று வைத்தால் மொத்தம் 250 டன் வருகிறது. லாரிக்குப் பத்து டன் என்றால் 25 லாரி உப்பு. அவை நமது காலடியில், ஒரு விரற்கடை தடிப்புள்ள அடுக்கின்மீது நிற்கின்றன!

சர்க்கரை போன்ற பனி

அந்த வலுவற்ற அடுக்கு எப்படி உண்டாகிறது என்பதுதான் இதில் எனக்கு மிகவும் சுவையாகப்பட்ட பகுதி.

குளிர்காலத்தில் ஒவ்வொரு பனிப்பொழிவும் ஓர் அடுக்காகப் படிகிறது. நடுவே தெளிந்த இரவு வந்தால், பனிப்பரப்பு தன் வெப்பத்தை வானுக்கு வீசி மிகவும் குளிர்ந்துவிடுகிறது. காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் நேரடியாகப் படிகமாகிப் பூப்போல் நிமிர்ந்து நிற்கும். காலையில் அது வைரத்தூள் போல் மின்னுமாம். புகைப்படங்களில் அழகோ அழகு. அடுத்த பொழிவில் இந்தப் பூக்கள் முறியாமல் மூடப்பட்டுவிட்டால், சீட்டுக்கட்டு வீட்டின் மேல் பாறாங்கல்லை ஏற்றியது போல்தான்.

மற்றொன்று அடியில் விளைவது. வெண்பனி நல்ல கம்பளி. அதன் கீழுள்ள தரை குளிர்காலம் முழுதும் ஏறத்தாழ 0 பாகை செல்சியஸில் இருக்கும். மேலே காற்று மைனஸ் 20 பாகை என்று வைத்துக்கொள்வோம். பனியின் தடிப்பு 1 மீட்டரானால் மீட்டருக்கு 20 பாகை வேறுபாடு. தடிப்பு அரை மீட்டரே ஆனால் மீட்டருக்கு 40 பாகை ஆகிவிடுகிறது. இந்த வேறுபாடு மீட்டருக்கு 10 பாகையைத் தாண்டினால், அடியிலுள்ள பனித்துகள்களிலிருந்து நீராவி மேலே நகர்ந்து குளிர்ந்த துகள்களின் மேல் படிகிறது. ஒன்றையொன்று கட்டிப்பிடித்திருந்த சிறு துகள்கள் தேய்ந்து, அவற்றின் இடத்தில் பட்டை தீட்டிய பெரிய படிகங்கள் வளர்கின்றன. இவற்றுக்குள் ஒட்டு இல்லை. கையில் அள்ளினால் சீனிபோல் விரலிடுக்கில் வழியும். மேலைநாட்டுப் பனிச்சறுக்கு வீரர்கள் இதனைச் சர்க்கரைப் பனி என்றே அழைக்கிறார்கள்.

இதிலிருந்து எதிர்பாராத ஒரு முடிவு கிடைக்கிறது. பனி குறைவாகப் பெய்த குளிர்காலம் பாதுகாப்பானது என்று நாம் நினைப்போம். அப்படியன்று. தொடக்கத்தில் மெல்லிய பனியும் கடுங்குளிரும் வாய்த்த ஆண்டில் அடி அடுக்கு சர்க்கரையாகிவிடுகிறது. பின்னர் ஜனவரியிலோ பிப்ரவரியிலோ பெய்யும் பெரும்பனி அதன்மேல்தான் அமர வேண்டும். வீட்டுக்கு அடித்தளம் போட்ட கொத்தனாரை மாடி கட்டும்போது குறை சொல்லி என்ன பயன்?

குளிர் இன்னொரு தீங்கும் செய்கிறது. ஓரளவு மிதமான வெப்பத்தில் புதுப்பனி சில நாட்களில் தானே அமுங்கிப் பிணைந்துவிடும். கடுங்குளிரில் இந்த மாற்றம் மிக மெதுவாக நடக்கும். வலுவற்ற அடுக்கு வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். பனி பெய்து எத்தனை நாளாயிற்று என்ற கணக்கு மட்டும் ஒரு மலையேறியைக் காப்பாற்றாது.

இனி ஒரு மனிதன் இப்பாளத்தின்மேல் நடக்கிறான். அவன் எடை கீழே பரவுகிறது. ஒரு மீட்டருக்கு மேல் ஆழம் இருந்தால் அழுத்தம் மங்கிவிடும். பாளம் மெலிந்த இடத்தில் கால் பட்டால் அழுத்தம் வலுவற்ற அடுக்கை எட்டி, அங்குள்ள படிகங்கள் நொறுங்குகின்றன. நொறுங்கிய இடத்தின் பாரம் பக்கத்துப் படிகங்களின்மேல் விழ, அவையும் நொறுங்குகின்றன. இந்த முறிவு நொடிக்கு 20 மீட்டருக்கும் மேலான வேகத்தில் ஓடுகிறது. பனிக்குள்ளிருந்து ‘வூம்ப்’ என்று ஓர் அமுங்கிய ஓசை கேட்கும். சமதரையானால் பனி சற்றே அமுங்குவதோடு சரி. சரிவானால், மேலே ஒரு கோடு கிழிந்து பாளம் முழுதும் கிளம்பிவிடும். பனிச்சரிவில் மாண்டவர்களின் விபத்துகளில் பத்துக்கு ஒன்பதில், சரிவைக் கிளப்பியவர் மாண்டவரே அல்லது அவருடன் சென்றவரே என்று ஆய்வுகள் கூறுகின்றன. மலை தானாக வந்து நம்மேல் விழுவது அரிது.

மாலரி குழுவினரின் சோதனைக்கு விடையும் இங்கே இருக்கிறது. அவர்கள் மிதித்தது அடிவாரத்துச் சரிவை. பெயர்ந்தது மேலேயுள்ள சரிவு. காற்று மலைமுகட்டின் ஒரு பக்கத்துப் பனியை வாரிக் கொண்டுபோய் மறுபக்கத்தில் தலையணைபோல் அடைக்கும். வானம் கொட்டுவதைவிடப் பல மடங்கு பனியைக் காற்று ஓரிடத்தில் சேர்த்துவிடக்கூடும். ஆதலால் இருபது அடி தள்ளிப் போனாலே அடுக்கு வேறு, தடிப்பு வேறு. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இந்தப் பானைக்குப் பொருந்தாது.

குளிர்காலத்தில் ஏறுவோர்

இமயத்தின் உயர்ந்த சிகரங்களில் பொதுவாக வசந்தத்திலும் மழைக்குப் பிந்திய இலையுதிர் காலத்திலுமே ஏறுவர். குளிர்காலத்தில் ஏறத் துணிந்தவர்களில் போலந்து நாட்டினர் முன்னோடிகள். 1980 பிப்ரவரி 17 அன்று லெசெக் சிகியும் கிரிஸ்டோஃப் வியலிட்ஸ்கியும் எவரெஸ்ட் உச்சியை அடைந்தனர். உலகின் இரண்டாவது உயரமான கே2 சிகரம் மட்டும் அதற்குப் பின் 40 ஆண்டுகள் குளிர்காலத்தில் எவருக்கும் இணங்கவில்லை. 2021 ஜனவரி 16 அன்று நேபாளத்தவர் பத்துப் பேர், உச்சிக்குச் சற்றுக் கீழே ஒருவருக்கொருவர் காத்திருந்து, ஒன்றாகச் சேர்ந்து அதன் தலையில் கால் வைத்தனர். அவர்களில் ஒன்பது பேர் ஷெர்பாக்கள். 1922-இல் மாண்ட எழுவரும் சுமை தூக்க வந்தவர்களே. அதை நினைத்தபோது இந்தச் செய்தியை நான் இருமுறை படித்தேன்.

அவ்வளவு உயரத்தில் குளிர்காலத்துப் பெரும்பகை காற்று. மேல் வானத்து வேகக்காற்று கீழிறங்கி மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் அறைகிறது. அது சில முகடுகளில் பனியைத் துடைத்தெடுத்துக் கண்ணாடி போன்ற பனிக்கட்டியை வெளிக்காட்டிவிடும். அங்கே பனிச்சரிவு அச்சம் குறைவு, வழுக்கி விழும் அச்சம் மிகுதி. துடைத்தெடுத்த பனி போய்ச் சேர்ந்த சரிவிலோ நிலைமை தலைகீழ்.

இந்திய இமயம் முழுதும் ஒரே தன்மையுடையதும் அன்று. டிசம்பர் முதல் மார்ச் வரை மத்தியதரைக் கடற்பக்கத்திலிருந்து மேற்குக் காற்றோடு வரும் மேகங்கள் பீர்பாஞ்சால் மலைத்தொடரில் நிறையக் கொட்டுகின்றன. அங்கே குளிர் ஓரளவு மிதம். பெரும்பாலும் புயல் அடிக்கும் நாளிலும் அதற்கடுத்த நாட்களிலும் ஆபத்து. காரகோரத்தில் குளிர் மிகக் கடுமை. சர்க்கரைப் பனி விளைவதற்கு ஏற்ற நிலம் அது. நம் நாட்டில் இதை ஆராய்வதற்கென்றே 1969-இல் மணாலியில் பாதுகாப்பு ஆராய்ச்சித் துறையின் நிலையம் ஒன்று அமைந்தது. 2020-இல் அது வேறொரு ஆய்வகத்துடன் இணைக்கப்பட்டுச் சண்டிகரைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்குகிறது. படைவீரர்கள் செல்லும் பாதைகளுக்குப் பனிச்சரிவு எச்சரிக்கை விடுவது அதன் பணிகளில் ஒன்று.

புதைந்தவரின் நேரம்

ஓடும்போது நீர்போல் ஓடும் பனி, நின்றதும் காரைபோல் இறுகிவிடுகிறது. உராய்வில் துகள்கள் உடைந்து சிறு சூடேறி, நின்ற கணத்தில் ஒன்றோடொன்று பற்றிக்கொள்கின்றன. புதைந்தவரால் விரலைக்கூட அசைக்க முடியாது. மூச்சுவிடும் காற்றின் ஈரம் முகத்தின் முன் உறைந்து ஓர் ஏடாகிவிடும். குளிரைவிட மூச்சுத்திணறலே விரைந்து கொல்கிறது. முதல் பத்து நிமிடங்களுக்குள் தோண்டியெடுக்கப்பட்டவர்களில் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அரை மணி ஆகிவிட்டால் மூன்றில் ஒருவர்தான். வெளியூரிலிருந்து மீட்புப் படை வருவதற்குள் காலம் கடந்துவிடும். உடன் சென்றவர்களே மீட்க வேண்டும். இதற்காக ஒவ்வொருவரும் 457 கிலோஹெர்ட்ஸ் அலையை வீசிக்கொண்டும் ஏற்கவும் வல்ல ஒரு சிறு வானொலிக் கருவி, குத்திப் பார்க்க ஒரு நீண்ட கோல், ஒரு மண்வெட்டி ஆகிய மூன்றையும் சுமக்கிறார்கள். மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் மற்ற இரண்டாலும் பெரும்பயன் இல்லை.

2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சின் பனியாற்றுப் பகுதியில் 19,600 அடி உயரக் காவல்நிலை ஒன்றின்மேல் பெரும் பனிக்கட்டிச் சுவர் இடிந்து விழுந்தது. இது நான் மேலே விளக்கிய பாளவகை அன்று. உறைந்து நிற்கும் பனியாற்றின் முகப்பே உடைந்து வரும் மூன்றாவது வகை. மதராஸ் ரெஜிமென்டின் 19-ஆம் பட்டாலியனின் அந்தக் காவல்நிலையில் இருந்த பத்துப் பேரும் புதைந்தனர். நால்வர் தமிழ்நாட்டினர்: வேலூர், தேனி, மதுரை, கிருஷ்ணகிரி மாவட்டத்தார். ஆறாம் நாள், கல்லாக இறுகிய பனிக்கட்டியை வெட்டிச் சென்றபோது, கர்நாடகத்தைச் சேர்ந்த லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா உயிருடன் இருந்தார்! நாடே அவருக்காக வேண்டிக்கொண்டது. பிப்ரவரி 11 அன்று தில்லி இராணுவ மருத்துவமனையில் அவர் காலமானார். 2012 ஏப்ரல் 7 அன்று அதே வட்டாரத்தில் எல்லைக்கு அப்பால் கயாரி என்ற இடத்தில் இருந்த பாகிஸ்தான் முகாமைப் பனி மூடியபோது 140 பேர் மாண்டனர். 1984 முதல் அந்த உயரத்தில் துப்பாக்கிக் குண்டு கொன்றவர்களைவிடக் குளிரும் பனியும் கொன்றவர்களே மிகுதி.

1922-க்குச் சரியாக நூறு ஆண்டு கழித்து, 2022 அக்டோபர் 4 அன்று, உத்தரகாண்டில் திரௌபதி கா டண்டா என்னும் சிகரத்தில் மலையேற்றப் பயிற்சி பெற்றுவந்த குழு ஒன்றை உச்சிக்கு அருகில் பாளச் சரிவு வாரிச் சென்று பனிப்பிளவுக்குள் தள்ளியது. 29 பேர் பலியானார்கள். பயிற்சியாளர்களில் ஒருவர் சவிதா கன்ஸ்வால். அதே ஆண்டு மே மாதத்தில் 16 நாள் இடைவெளிக்குள் எவரெஸ்ட், மகாலு ஆகிய இரு சிகரங்களிலும் ஏறியவர். பயிற்சி இல்லாதவரைத்தான் பனி பிடிக்கும் என்று எண்ணியிருந்த எனக்கு இந்தச் செய்தி பெரிய அடி. சாய்வு, புதுப்பனி, கீழே ஒரு பிளவு: மூன்றும் 1922 ஜூன் 7-இல் இருந்தவையே.

பிளவைக் குறித்து ஒரு சொல். சரிவு சிறியதா பெரியதா என்று மட்டும் பார்த்தால் போதாது. அது நம்மை எங்கே கொண்டு போய்ச் சேர்க்கும் என்று முதலில் கீழே பார்க்க வேண்டும். கீழே அகன்ற வெளியானால் பனி பரவி மெலியும். பள்ளமோ பிளவோ ஆனால், சிறு சரிவும் ஆழக் குழியில் புதைத்துவிடும்.

கோணமானி

மலையேறிகள் செய்யும் எளிய சோதனை ஒன்றை ஆய்வகத்தில் செய்வதுபோலவே செய்யலாம். பனியில் குழி வெட்டி, 30 சென்டிமீட்டர் சதுரமுள்ள ஒரு தூணைத் தனியே பிரித்து நிறுத்துகிறார்கள். தூணின் தலையில் மண்வெட்டியை வைத்து, மணிக்கட்டை மட்டும் அசைத்துப் பத்துத் தட்டு, முழங்கையிலிருந்து பத்துத் தட்டு, தோளிலிருந்து பத்துத் தட்டு. எத்தனையாவது தட்டில் எந்த அடுக்கு வெட்டென வழுக்குகிறது என்று குறித்துக்கொள்கிறார்கள். இதுவும் அந்த ஒரு குழிக்கு மட்டுமே விடை சொல்லும். ஆகவே குழியைவிட வேறு குறிகளை நம்பச் சொல்கிறார்கள்: பக்கத்துச் சரிவில் புதிதாக விழுந்த பனிச்சரிவு, காலடியில் ஓடும் விரிசல், அந்த ‘வூம்ப்’ ஓசை, ஓரிரு நாளில் பெய்த பெரும்பனி, திடீரென ஏறிய வெயில். இவற்றுள் ஒன்றைக் கண்டாலும் 30 பாகைக்கு மேற்பட்ட சரிவை விட்டு விலகுவது; விலக முடியாவிட்டால் ஒரே நேரத்தில் ஒருவர் மட்டும் கடப்பது, மற்றவர் ஒதுங்கி நின்று அவரைக் கண் எடுக்காமல் பார்ப்பது. பதினேழு பேரும் ஒரே சரிவில் நிற்பது கூடாது.

கடைசியில் சொல்வதாகக் கூறிய தோழனுக்கு வருகிறேன். அவன் எங்கள் கல்லூரி தேசிய மாணவர் படையில் இருக்கிறான். விடியற்காலையில் எழுந்து ஓடிப் பழகுகிறான். படிப்பு முடிந்ததும் படையில் சேர்வது என்று உறுதி. அதற்கு முன் மலையேற்றப் பயிற்சிக்குச் செல்லவும் பெயர் கொடுத்திருக்கிறான். அவன் அம்மாவும் என் அம்மாவும் ஒரே பாத்தியில் உப்பு சுமப்பவர்கள். “பனியில கெடந்து என்ன செய்யப் போற?” என்று அவர் என்னிடம்தான் கேட்டார். நான் படித்தவன் ஆயிற்றே! அந்தக் கேள்விக்கு விடை தேடித்தான் நூலகத்திற்குப் போனேன்.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் சேர்ந்து பள்ளிக்கூடத்துக் கோணமானி ஒன்றின் நடுத்துளையில் நூல் கட்டி, நூல் நுனியில் ஒரு சிறு கல்லைத் தொங்கவிட்டோம். கோணமானியின் நேர்விளிம்பைச் சரிவோடு பொருத்திப் பிடித்தால் நூல் நிற்கும் இடம் சாய்வைக் காட்டிவிடும். செலவு ஐந்து ரூபாய்கூட இல்லை. சோதித்துப் பார்க்க மலைக்கு எங்கே போவது? அப்பாவிடம் சொல்லிவிட்டு உப்பு அம்பாரத்திற்குப் போனோம். உலர்ந்த பக்கம் 33 பாகை காட்டியது. தூறலில் இறுகிய பக்கத்தில் 41 இருந்தது. தோழன் அந்தப் பக்கத்தில் ஏறப் போனான். அப்பா தூரத்திலிருந்தே சத்தம் போட்டு இறக்கிவிட்டார். கோணமானி இப்போது அவனுடைய பையில் இருக்கிறது.